நீ எண் எழுதி மாட்டிய நாலு ஒயர்கள்

பிரபு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் வழக்கம். இந்த வீட்டில் இப்போது யாரும் நலமாக இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, ஓசூரில் மழையா என்று கேட்டுவிட்டு போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். கடிதத்தோடு ஒரு பார்சலும் வருகிறது. அதை இப்போது பிரிக்காதே. இதைப் படித்து முடித்துவிட்டுப் பிரி. முடிக்காமல் கிழித்துப் போட்டாலும் பார்சலையாவது பிரித்துப் பார்.

போன மாதம் உன் மனைவி உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஏழாம் மாதம் ஆகிறது, கால் வீங்குகிறது, புளிப்பு கேட்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, உன்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டே ஒரு குறை சொன்னாள். வீட்டில் ஒரு பல்ப் பியூஸ் போனால்கூட நீ மாட்ட மாட்டாயாம், ஆள் கூப்பிடுவாயாம். குழாய்க்கு வாஷர் போடக்கூட ஆள்தானாம். கார் வாங்கலாம் என்று அவள் அப்பா சொன்னதற்கு நீ எழுந்து போய்விட்டாயாம். வாடகைக் கார்க்காரர்கள் நாலு பேருடைய நம்பரை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாயாம், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் என்று. "கேட்டா எனக்குக் கை ராசி இல்லன்றாரு அத்த" என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. உன் அம்மா சிரிக்கவில்லை. நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததை எல்லாம் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறேன், அப்புறம்தான் தெரிந்தது.

உனக்குக் கை ராசி இல்லை என்பது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லியாக வேண்டும். உனக்கு அது தெரியும், ஆனாலும் அது எங்கே போய் முடிந்தது என்பது தெரியாது.

முப்பத்தொரு வருஷம் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. பழைய பேரிங்கை, பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துக் காட்டினால்தான் புதுசு கொடுப்போம். அது நிஜமாகவே செத்துவிட்டதா என்று நான் கையில் வாங்கிச் சுற்றிப் பார்ப்பேன். இன்னும் ஓடும் போலிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பிட்டர்கள் எனக்கு 'பழசு எங்கே' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நான் வருவதைப் பார்த்தால் ஒருத்தன் அப்படிக் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை, உள்ளுக்குள் பெருமைதான். அலமாரியில் ஒரு புதுச் சாமான் எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். புதுசு என்பது இருக்க வேண்டியது, எடுக்க வேண்டியது இல்லை என்று என் மண்டைக்குள் ஏறிவிட்டது.

அதை நான் கம்பெனி கேட்டோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன். உனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிப் பரண் மேல் வைத்தேன், பழைய மட்டை உடைந்ததும் தருகிறேன் என்று. அந்தப் பாழாய்ப்போன பழைய மட்டை இரண்டரை வருஷம் உடையவே இல்லை. கடைசியில் எடுத்துக் கொடுத்தபோது புது மட்டை உனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நீ அதை எதிர் வீட்டுச் சின்னப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தாய். உன் அக்கா மலருக்கு வாங்கிய மழைக்கோட்டும் அப்படித்தான், மடிப்புக் கலையாமல் இருந்து, அவளுக்குத் தோள் பற்றாமல் போனது. உன் அம்மா திட்டுவாள். நான் சிரித்துக்கொள்வேன். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

அடுத்தது கார். எங்கள் மேனேஜர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அந்த வெள்ளைக் காரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அதற்குப் பதினைந்து வயது. நம் தெருவில் எந்த வண்டியை நிறுத்தினாலும் விடிவதற்குள் மேலே இரும்புக் கரி படிந்துவிடும். நீ தினமும் காலையில் அதைத் துடைப்பாய். டிப்ளமா படித்த மூன்று வருஷமும் உன் பாடப் புத்தகத்தைவிட அந்த பானட்டுக்குள்தான் அதிகம் தலையை விட்டிருந்தாய். எனக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். அதன் உடம்பு உனக்குத்தான் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் மலர் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடித்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு அழைத்து வந்தோம். அதே சமயத்தில் காரில் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. நாலு சிலிண்டரில் ஒன்று அவ்வப்போது எரியாமல் விட்டுவிடும், வண்டி விக்கல் வந்த மாதிரி குலுங்கும். ஓடுகிறதே, ஓடட்டும் என்றேன். நீதான் கேட்கவில்லை. "அக்காவ இதுலதானப்பா இட்டுகினு போவணும். மழையில வழியில நின்னுச்சின்னா பேஜாராயிடும்" என்றாய். அப்போதுதான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த கம்பெனியில் வாங்கிய உன் முதல் சம்பளத்தில் நாலு பிளக்கும், பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகிற நாலு ஒயரும் நீயே வாங்கிக்கொண்டு வந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நாஷ்டா முடிந்ததும் வேலையை ஆரம்பித்தாய். நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தாய். புது ஒயர் ஒவ்வொன்றையும் பழைய ஒயரோடு நீளம் வைத்துப் பார்த்து, வெள்ளை டேப் சுற்றி, பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் எழுதினாய். நாலையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் எது எங்கே என்று குழம்பிவிடும், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும் என்று எனக்குச் சொன்னாய். பிளக்கைக் கழற்றும் முன் சுற்றியிருந்த தூசியை வாயால் ஊதினாய், உள்ளே விழக்கூடாது என்று. புதுப் பிளக்கின் இடைவெளியை அளந்து பார்த்தாய். ஸ்பேனர் வைப்பதற்கு முன் விரலாலேயே மரையில் சுற்றி இறக்கினாய். எங்கள் கம்பெனியில் இருபது வருஷ அனுபவமுள்ள பிட்டர்கள்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஒயரின் ரப்பர் மூடியைப் பிளக் மேல் வைத்து அழுத்தி, டக்கென்று சத்தம் கேட்க வேண்டும், அதுவரைக்கும் அழுத்த வேண்டும் என்றாய். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தாய். உள்ளேயிருந்து மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சத்தமே இல்லையே என்று கேட்டாள். உன் முகத்தை அன்றைக்குப் பார்த்ததுதான். அப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

பழைய ஒயர்களை நீ குப்பை வாளியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாய். குளித்துச் சாப்பிட்டு, நண்பர்களோடு வெளியே போய்விட்டாய். நான் வாளியிலிருந்து அவற்றை எடுத்தேன். பிளக்குகள் கரி பிடித்துச் செத்துத்தான் போயிருந்தன, அவற்றை நான் தொடவில்லை. ஒயர்களைத் துணியால் துடைத்தேன். வளைத்துப் பார்த்தேன். மேலே ஒரு கீறல்கூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நல்ல சாமானை என்னிடம் ஒரு தடவை காட்டாமல் தூக்கிப் போட்டுவிட்டானே என்று எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்வதானால் அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. என் வீட்டு ஸ்டோரில் என்னைக் கேட்காமல் நீ பொருளை மாற்றிவிட்டாய். நீ செய்ததைப் பார்த்துப் பழகியிருந்தேன் அல்லவா, அதே மாதிரி ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, பழைய நாலையும் திரும்பப் போட்டேன். ஸ்டார்ட் செய்தேன். புதுப் பிளக் என்பதால் நன்றாகவே ஓடியது. பார்த்தாயா, ஒயர் நல்லாத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ எண் எழுதிய புது ஒயர்களைச் சுருட்டிக் கவரில் போட்டு, 'பிளக் ஒயர், நாலு, ஸ்பேர்' என்று சீட்டு எழுதிக் கட்டி, பரண் மேல் வைத்தேன். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மலருக்குப் பனிக்குடம் உடைந்தது. சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நீ முதல் ஷிப்டுக்குப் போயிருந்தாய். முந்தின நாளிலிருந்தே விடாத மழை. மலரையும் உன் அம்மாவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, செங்குன்றம் தாண்டி அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கவரைப்பேட்டை தாண்டியதும் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்தில் போன ஒரு டிரைலர் லாரி தண்ணீரை வாரி அடித்தது. வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

இறங்கி பானட்டைத் திறந்தேன். உள்ளே ஒயர்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உன் அம்மாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். பழைய ஒயரின் உடம்பிலிருந்து நீல நீலமாகப் பொறி பக்கத்து இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் எல்லாம் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. ரப்பரில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் இருந்திருக்கின்றன, காய்ந்திருக்கும்போது அவை காட்டிக்கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் எது செத்தது, எது பிழைக்கும் என்று தீர்ப்புச் சொன்னவன் அந்த மழையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். வேட்டியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நனைந்தது. பின்னால் மலர் கத்த ஆரம்பித்திருந்தாள். உன் அம்மா கண்ணாடியை இறக்கி, "ஞாயித்துக்கெழம பிரபுவ யாரு இத நோண்டச் சொன்னது?" என்று கேட்டாள். நான் மறுபடியும் ஒயரைத் துடைக்கக் குனிந்தேன். அந்த நேரத்தில் அதற்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா என்று நினைத்தேன். பிரபு, அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தைதான்.

ஆம்புலன்ஸுக்கு உன் அம்மா போன் செய்துகொண்டே இருந்தாள், அது வேறெங்கோ போயிருந்தது. கையைக் காட்டக் காட்ட வண்டிகள் நிற்காமல் போயின. கடைசியில் ஷிப்ட் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் இருந்த ஒரு கம்பெனி பஸ் நின்றது. அந்தப் பெண்கள் நடுவில் தங்கள் துப்பட்டாக்களை விரித்து மலரைப் படுக்க வைத்தார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் மட்டும் முக்கால் மணி நேரம் போயிருந்தது. தொப்புள்கொடி முன்னால் வந்து அழுந்திவிட்டது, கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் குழந்தையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பெண் குழந்தை. தலை நிறைய முடி. நான் கையில் வாங்கினேன், நீ வாங்கவில்லை. உன்னை வாங்க விடவில்லை.

நீ யூனிபார்மோடு, கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தாய். வராந்தாவில் உன் அம்மா உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா பண்ணி வெச்ச அந்த வண்டிய?" என்று கேட்டாள். நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரியும் என்று நம்பிப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது.

"ஒயரு சரியா உக்காரல போலருக்குடா."

அவ்வளவுதான் சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது என்று எத்தனையோ முறை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது பொய். சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுத்தேன், அந்த மூச்சுக்குள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். மலரின் முகத்தில் இனி நான் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். நீ எப்படி விழிப்பாய் என்று யோசிக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த மலர் கதவு வழியாக அதைக் கேட்டாள். அவள் உன்னைப் பார்த்து, "உன் கை வெளங்காதுடா" என்றாள். சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னாள். நீ உன் கையைப் பார்த்துக்கொண்டாய். எனக்கு இந்த ஒன்பது வருஷத்தில் எந்தக் காட்சி மறந்தாலும் அது மறக்கவில்லை.

அந்த பானட்டை நீ ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும். பழைய ஒயர்களை நீ பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பாய், நான் பிடிபட்டிருப்பேன். வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டோரம் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகு, ஒரு மாதம் நீ வேலைக்குப் போகும்போதெல்லாம் இன்றைக்குத் திறந்துவிடுவானோ என்று வாசலில் நின்று பார்ப்பேன். நீ திறக்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய். பயிற்சியை விட்டாய், மிஷின் இல்லாத வேலையாகத் தேடி ஓசூருக்குப் போய்ப் பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்துகொண்டாய். பொங்கலுக்கு ஒருநாள் வந்து போகிறாய். நீ வருகிற நாளில் மலர் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு அப்புறம் குழந்தை தங்கவில்லை. புருஷன் வீட்டில் ஒரு பேச்சு, இரண்டு பேச்சு என்று வளர்ந்து, நாலு வருஷமாக இங்கேதான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தினமும் சோறு தின்றுகொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மலர் ஏதோ சான்றிதழ் தேடிப் பரணில் ஏறினாள். அந்தக் கவரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சீட்டில் என் கையெழுத்து, டேப்பில் உன் எண்கள். நீ நாலு போடும்போது மேலே மூடிப் போடுவாய், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அவளுக்கு அது தெரியாதா. "இது இன்னாப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த பொய்களில் ஒன்றுகூட வரவில்லை. சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அந்த ஒயரைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அவன ஒரு வார்த்த சொன்னேன். அத இப்போ இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

நீயே அவனுக்குப் போன் செய்யம்மா என்றேன். என்னவென்று கூப்பிடுவேன், ஒன்பது வருஷமாகப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லையே என்றாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. "நீ செத்தப்பறம் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்விதான். செத்தவனை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, நீங்களும் ஆளுக்கு ஒரு மூலையில் அழுது தீர்த்திருக்கலாம். நான் இன்னும் இருக்கிறேன், சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்த ஒயர்களைக் காரில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எதற்கென்று கேட்காதே. எலிகள் குடியிருந்த இன்ஜின், ஒன்பது வருஷத்துப் பெட்ரோல், அது எங்கே ஓடப்போகிறது. ஆனாலும் பக்கத்துவீட்டு ஆட்டோக்காரரிடம் பேட்டரி கேட்டு வாங்கினேன். தார்ப்பாயை எடுத்தேன். பழைய ஒயரைக் கழற்றிவிட்டு, ஒன்று என்று நீ எழுதிய ஒயரை எடுத்து, முதல் பிளக் மேல் வைத்து அழுத்தினேன். ரப்பர் கட்டையாகிப் போயிருந்தது. அழுத்தியதும் மூடி இரண்டாகப் பிளந்து என் கையில் வந்துவிட்டது. பரணுக்கு மேலே சிமென்ட் ஷீட், ஒன்பது கோடையின் சூடு முழுக்க அதில்தான் இறங்கியிருக்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஒயர், பிரிக்காத கவருக்குள்ளேயே வீணாகிவிட்டது. நான் அங்கேயே மட்கார்டில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். மலர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அப்பன் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய நேரம். என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல? வாங்கியதை அன்றைக்கே போடு. குழந்தைக்குச் சட்டை வாங்கினால் அன்றைக்கே போட்டுவிடு, அழுக்கானால் ஆகட்டும். தப்புச் செய்தால் செய்த இடத்திலேயே, ஈரம் காய்வதற்குள் சொல்லிவிடு. காய்ந்துவிட்டால் அது வேறு பொருளாகிவிடும், அப்புறம் அதை எடுத்து எங்கேயும் மாட்ட முடியாது. உன் பிள்ளை உன்னை நம்பிப் பார்க்கும்போது, அந்த ஒரு மூச்சில் உன்னைப் பற்றி யோசிக்காதே. இதையெல்லாம் செய்யாதவன் சொல்கிறேன், அதற்காகத் தள்ளிவிடாதே.

என்னை மன்னித்துவிடு என்று எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ மன்னித்தாலும் மலர் சொன்ன சொல் திரும்பப் போகாது, உன் ஒன்பது வருஷமும் வராது, அந்தக் குழந்தையும் வராது. பெயர் வைக்கும்போது என்னைக் கூப்பிட வேண்டாம். மலரைக் கூப்பிட்டுப் பார். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது, வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூப்பிடு.

இப்போது பார்சலைப் பிரி. நாலு ஒயர் இருக்கும், அதில் ஒன்றின் தலை உடைந்திருக்கும், அது நான் உடைத்தது. டேப்பில் இருப்பது உன் எழுத்து. அந்தச் சீட்டையும் கூடவே வைத்திருக்கிறேன், அது என் எழுத்து. உன் மனைவியிடம் காட்டு. சமையலறையில் பல்ப் பியூஸ் போயிருந்தால் இன்றைக்கு நீயே மாட்டு.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒயர் சரியாக உட்காரவில்லை என்று அன்றைக்கு வராந்தாவில் சொன்னேனே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பரே படிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். டக்கென்ற அந்தச் சத்தம் நாலு முறை கேட்டது. நான் கேட்டேன்.

அப்பா